கத்தரிப்பூச் சட்டை

மரக்காணத்தில் இருபத்தெட்டு வருடமாகத் தைக்கிறேன். கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்திருக்கிறேன், போலீஸ்காரருக்குத் தைத்திருக்கிறேன், மாரியம்மன் கோயில் கொடிக்கும் மாதா கோயில் பீடத்துத் துணிக்கும் தைத்திருக்கிறேன். இவர்கள் யாரும் என் உயிரை வாங்கியதில்லை. எல்லாருக்கும் சேர்த்து வைத்து வாங்கியவள் ஒருத்திதான். உப்பளத்தில் கூடை சுமக்கும் சவரியம்மாள்.

ஊரில் அவளைத் தெரியாத கடைக்காரன் கிடையாது. வாயாடி என்றோ சண்டைக்காரி என்றோ நினைத்துவிடாதீர்கள். குரலே உயராது. அவளுக்கு இன்னது வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான். அது கிடைக்கும் வரை எதிரில் நிற்பவனை விடமாட்டாள். டீக்கடையில் ஊரே கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டுப் போகும். இவள் மட்டும், "சக்கரைய அடியில போட்டுக் குடுங்க, கலக்காதீங்க" என்பாள். ஏனம்மா என்று கேட்டால், "கடைசி மடக்கு இனிக்கணும்" என்பாள். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் டீக்கே வழியில்லாத நாளிலும், கிடைக்கிற ஒரு டீயை இப்படித்தான் குடிப்பாள்.

பெருமுக்கல் மலைக்கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை கூட்டத்தோடு போனாள். மற்றவர்கள் மலை ஏறி இறங்கும் வரை கீழே சீப்புக் கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பல்லெல்லாம் நெருக்கமாக இருக்கிறது என்று ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். அடுத்த வருடம் அதே கடைக்காரனிடம் போய், "போன வருசம் சொன்னேனே, கொண்டாந்தீங்களா?" என்றாள். அந்த ஆள் கொண்டு வந்திருந்தான் என்பதுதான் கொடுமை. இப்படி ஆளாளுக்கு இடம் கொடுத்துத்தான் அவள் என் கடை வரைக்கும் வந்து சேர்ந்தாள்.

நான் சொல்லப் போவது எழுபத்து நாலாம் வருடம் நடந்தது. அதற்கு முன் உப்பளத்துப் பெண்கள் உடுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். தலையில் ஈர உப்புக் கூடை ஏறினால் உப்புத் தண்ணீர் கழுத்திலும் தோளிலும் வழிந்துகொண்டே இருக்கும். வெறும் ரவிக்கையோடு சுமந்தால் ஒரே வாரத்தில் தோல் வெந்துவிடும். அதற்காக அப்பன் கழித்துப் போட்டது, அண்ணன் கழித்துப் போட்டது, புருஷன் கழித்துப் போட்டது என்று எதையாவது மாட்டிக்கொள்வார்கள். பெண்ணுக்கென்று யாரும் சட்டை தைத்ததில்லை. சவரியம்மாள் பன்னிரண்டு வயதில் அப்பா சட்டையோடு அளத்தில் இறங்கினாள். அப்புறம் அண்ணன் செல்வநாதன் சட்டை. அப்புறம் புருஷன் அருள்பிரகாசத்தின் சட்டை. அவன் மஞ்சள் காமாலையில் போன பிறகு மறுபடியும் அண்ணன் சட்டை.

உப்புக் குத்தகைக்காரர் தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு துணி கொடுப்பது வழக்கம். ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை, இந்து கிறிஸ்தவர் பேதமில்லாமல். மழைக்கு முன்னால் வேலை முடிகிற புரட்டாசிக் கடைசியிலேயே கையோடு கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த வருடம் சேலையை வாங்கிய சவரியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பலராமன் ஜவுளிக் கடைக்குப் போய், இதை வைத்துக்கொண்டு சட்டைத் துணி கொடு என்றாள். பலராமன் இருபது பீஸ் எடுத்துப் போட்டிருக்கிறார். இருபதுக்கும் தலையாட்டல். கடைசியில் அலமாரிக்குப் பின்னால் கிடந்த கத்தரிப்பூ நிறப் பாப்ளினைக் கண்டுபிடித்து, ரெண்டேகால் மீட்டர் வெட்டச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"டைலர் அண்ணா, சட்டை ஒண்ணு தைக்கணும்."

"யாருக்கும்மா?"

"எனக்கு."

"ரவிக்கையா?"

"சட்டைன்னுதானே சொன்னேன்."

மெஷினை நிறுத்தினேன். உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி லட்சுமியம்மாள் ஊசியோடு எட்டிப் பார்த்தாள். சவரியம்மாள் துணியை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். காலர் வேண்டாம், வெறும் பட்டி போதும். காலர் மடிப்பில் உப்பு உட்கார்ந்து கழுத்தை அறுக்கிறது. கை, முழங்கைக்கு நாலு விரல் கீழே நிற்க வேண்டும். பிரஸ் பட்டன் கூடாது, துருப்பிடிக்கும். சிப்பிப் பட்டன் வேண்டும். இரண்டு பக்கமும் கீழே பிளவு வேண்டும். பாக்கெட் வலது பக்கம்.

"இந்தா, நிறுத்து" என்றேன். "சட்டைக்குப் பாக்கெட்டு இடது பக்கம்தான். உலகம் பூரா அப்படித்தான்."

"எனக்கு இடது கைதான் வரும். இடது கையால எடுக்க வலது பக்கம்தான் தோது. அதுக்கு ஒரு மூடியும் வேணும். கூடையில இருந்து தண்ணி சொட்டுதில்ல?"

"அப்படி என்னாத்த வெக்கப் போற அதுல? பாங்குப் பணமா?"

"பொட்டுக்கடலை. ஒரு துண்டு வெல்லம். பத்து மணிக்கு வரப்புல நின்னு திம்பேன். மடியில வெச்சா நனைஞ்சு நமுத்துப் போவுது."

"பீச்சாங்கையால திம்பியா?"

"என் கை, என் வாய்."

எனக்கு ஏறியது பாருங்கள் எரிச்சல். ஐப்பசி பிறக்கப் போகிறது, தீபாவளித் துணி மலையாகக் குவியப் போகிறது, இவள் பொட்டுக்கடலைக்கு வீடு கட்டச் சொல்கிறாள். "ஏம்மா, உப்பளத்துக்குப் போட்டுக்கினு போற சட்டைக்கு இவ்ளோ ஜோடனையா? அங்க யாரு உன்னைப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"நான் பாப்பேன்ல" என்றாள்.

என் மார்பைத் தட்டிக் காட்டினேன். "என் சட்டைய பாரு. முதுகு ஒருத்தர் துணி, முன்பக்கம் ஒருத்தர் துணி, கை ரெண்டும் வேற ஒருத்தருது. எல்லாம் தைச்சு மீந்த துண்டு. இந்தத் தொழிலுக்கு வந்து எனக்குன்னு ஒரு மீட்டர் துணி வாங்கினதில்ல தெரியுமா? போட்டா உடம்ப மூடுதா இல்லையா? அவ்ளோதாம்மா சட்டை." பெருமையாகத்தான் சொன்னேன். அவள் என் சட்டையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள்.

அளவுக்கு என்ன செய்வது என்று அடுத்த வில்லங்கம். பெண்கள் துணிக்கு நான் டேப் பிடிப்பதில்லை. அளவு ரவிக்கை கொண்டு வருவார்கள், அதை வைத்து வெட்டுவேன். அளவுச் சட்டை இருக்கிறதா என்றேன். அண்ணன் சட்டை அளவு எதற்கு, என் அளவுதான் வேண்டும் என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு பருத்திக் கயிற்றை எடுத்தாள். அளத்தில் பாத்தி கட்டும்போது வரப்பு நேராக வரப் பிடிக்கிற கயிறு. எதை அளக்க வேண்டுமானாலும் இந்த ஜனங்களுக்கு அந்தக் கயிறுதான், வீட்டு வாசற்கால் வரைக்கும். கூட வேலை செய்யும் பொன்னியை விட்டு உடம்பெல்லாம் அளந்து வரிசையாக முடிச்சுப் போட்டு வந்திருந்தாள். முதல் முடிச்சு வரை தோள், அடுத்தது மார்புச் சுற்று, அடுத்தது கை, கடைசி வரை நீளம்.

"சேலைக்கு மேல, கூடைய தூக்கின மாதிரி கைய தூக்கினு எடுத்த அளவு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். இதேதான்."

"சரிம்மா தாயே, வெச்சிட்டுப் போ" என்றேன். தொல்லை விட்டால் போதும் என்று இருந்தது.

படி இறங்கினவள் நின்றாள். "அண்ணா, எனக்கு முப்பத்தெட்டு வயசாவுது. இதுவரைக்கும் எனக்குன்னு தைச்ச சட்டை ஒண்ணு என் தோள்ல ஏறினதில்ல. இந்த வருசத்துக்கு வேற துணி கிடையாது எனக்கு. சேலைய குடுத்துட்டேன், கிறிஸ்மஸ் பூசைக்குப் பழசத்தான் கட்டணும். மாசியில உப்பு வாரும்போது இதைத்தான் போடுவேன். இது மட்டும் கெட்டுடக் கூடாது."

"இருபத்து மூணு வருசத்துல என் கையில ஒரு துணி கெட்டதில்ல, போ" என்றேன். எந்த நேரத்தில் சொன்னேனோ.

துணியைச் சுருட்டிக் கயிற்றோடு ஆணியில் மாட்டினேன். அப்போதே டேப் வைத்து நோட்டில் எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எழுதவில்லை. கோபத்தில் இருந்தேன். பிறகு தீபாவளி வந்தது, தலை நிமிரவில்லை. கார்த்திகை மழையில் கடைக்குள் ஒழுகாத ஒரு மூலையில் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாள் அவள் துணியை எடுத்தேன். கயிற்றை மேசையில் நீட்டி, டேப் வைத்து, மார்பு நாற்பது என்று நோட்டில் எழுதி, கூட்டாமல் குறைக்காமல் வெட்டினேன். மூடி, பட்டி, பிளவு எல்லாம் போக பிறகு பிரித்துப் பெரிதாக்க உள்தையலில் விடத் துணி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மீந்தது. அதை என் சட்டைக் காலருக்கு ஆகும் என்று எடுத்து வைத்தேன்.

ஒன்று சொல்கிறேன். திட்டிக்கொண்டேதான் தைத்தேன், ஆனால் நன்றாகத் தைத்தேன். வலது பக்கப் பாக்கெட் எனக்குக் கண்ணை உறுத்தியது. லட்சுமி மட்டும் காஜா எடுத்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்பத்தான் என்றேன்.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்னால், தூறலில் சவரியம்மாள் வந்தாள். கூடப் பொன்னியும், அண்ணன் மகள் அன்னமேரியும். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பார்த்த நிமிஷம் எனக்கே உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. அந்த நிறம் அவளுக்கென்றே சாயம் போட்டதுபோல் பொருந்தியிருந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாக்கெட் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு, தலையில் கூடை இருப்பதுபோல் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

அக்குளில் டர்ரென்று ஒரு சத்தம். மார்புப் பட்டன் விரைத்துக்கொண்டு நின்றது. கை முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது.

அவள் கையை இறக்கினாள். "சின்னதா இருக்குது" என்றாள்.

"இருக்க முடியாது."

"இருக்குது அண்ணா."

"நீ ஊதிட்ட. ரெண்டு மாசமா வேலை இல்லாம வீட்டுல குந்தினு இருக்கீங்கல்ல?" என்றேன்.

பொன்னிக்கு வந்ததே கோபம். "என்னா பேசுற டைலரு? மழைக்காலத்துல அளத்துக்காரி ஊதுவாளா? ஒரு வேளை கஞ்சிக்குத் தாளம் போடுறோம், எதைத் தின்னு ஊதுறது?" என்று கத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் தொழில் மானம் போகிறதே. ஆணியிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தேன். சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி மேசையில் விரித்து, எல்லார் எதிரிலும் முடிச்சு முடிச்சாகக் கயிற்றை வைத்துக் காட்டினேன். தோள் சரி. மார்பு சரி. கை சரி. நீளம் சரி. ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"பாத்துக்கோங்க. இந்தக் கயிறு நீங்க குடுத்தது. முடிச்சு நீங்க போட்டது. நான் என்னா பண்ண முடியும்?"

சவரியம்மாள் கயிற்றையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கயிறும் சரி, சட்டையும் சரி. அப்ப நான்தான் தப்பா இருக்கேனா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

அதற்குள் அன்னமேரி அந்தச் சட்டையை எடுத்துத் தன் மேலே வைத்துப் பார்த்தாள். பதினாறு வயதுப் பெண், ஒல்லியான உடம்பு. அவளும் மாசியில் கூடை தூக்கப் போகிறவள்தான். அளவெடுத்ததுபோல் இருந்தது. "புள்ளைக்குக் குடுத்துடேன் சவரி, வீணா போறதுக்கு" என்றாள் பொன்னி. ஆமாம், அதுதான் நியாயம் என்றேன் நான். லட்சுமிகூட, சின்னப் பெண்தானே என்றாள். இதைவிட நல்ல முடிவு என்ன இருக்கிறது? துணி வீணாகாது, பெண்ணுக்குச் சந்தோஷம், எனக்கும் தலைவலி விட்டது.

"மாட்டேன்" என்றாள் சவரியம்மாள்.

அன்னமேரியின் முகம் சுருங்கியது. அத்தை அவள் தலையைத் தடவி, "உனக்கு வேணும்னா உனக்குப் பிடிச்ச துணியில, உன் அளவுல, ஒரு நாள் தைச்சுக்கலாம். இது நான் கேட்டது. எனக்குத்தான் வேணும்" என்றாள். பிறகு சட்டையை மடித்து என் மேசையில் வைத்தாள். "இது என்னுது இல்ல. என்னுது வரும்போது வரட்டும்."

"எங்கேருந்து வரும்? துணி வெட்டியாச்சு, தைச்சாச்சு. மாசியில என்னாத்த போடுவ?"

"அண்ணன் சட்டை இருக்குது" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். கிறிஸ்மஸ் பூசைக்குப் பழைய சேலையில்தான் போனாளாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. டீக்கடை, பஸ் நிற்கிற இடம், பலராமன் கடை என்று போகிற இடத்திலெல்லாம் கதையைச் சொன்னேன். கயிறு வைத்துக் காட்டினேன், ஒரு நூல் பிசகில்லை, அவள் பிடிவாதம் அப்படி என்று சொல்லிச் சிரித்தேன். ஊரும் சிரித்தது. அந்தச் சட்டை மட்டும் என் எதிரில் ஆணியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பொங்கல் முடிந்தது. வானம் வெளுத்து, காய்ந்த காற்று அடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் கடையைக் கூட்டிக்கொண்டிருந்த லட்சுமி, "ஏங்க, இந்தக் கயிறு நீண்டு போச்சு" என்றாள்.

"கயிறு எப்படிடி நீளும்? வேலைய பாரு."

"மழையில இதோட நுனி மேசை மட்டத்துக்கு மேல நிக்கும். இப்ப மேசையில படுதே."

எரிச்சலோடு எழுந்துபோய்க் கயிற்றை இறக்கி டேப்பை வைத்தேன். மார்பு நாற்பத்திரண்டு. நோட்டைப் பிரித்தேன். நாற்பது என்று என் கையெழுத்து. மறுபடியும் அளந்தேன். நாற்பத்திரண்டு. கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கயிற்றின் மேல் தெளித்தேன். என் கண்ணெதிரே முறுக்கு இறுகியது. அளந்தால் நாற்பது.

பருத்திக் கயிறு நனைந்தால் இழுத்துக்கொள்ளும். அதிலும் இது வருடக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறினது. உப்பு ஏறின கயிறு, மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தையே குடிக்கும். அளத்து ஜனங்கள் அதை வெயில் காலத்தில் மட்டும்தான் பிடிப்பார்கள், மழையில் எடுத்து அளக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வந்ததில்லை. புரட்டாசி வெயிலில் அளந்த கயிற்றைக் கார்த்திகை மழையில் படித்தவன் நான். உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப அந்தப் பொண்ணு தப்பில்ல" என்றாள் லட்சுமி.

"தெரியுதுடி, வாய மூடு."

"ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே."

அவளை அடிக்க முடியாது, கயிற்றைத்தான் வீசி எறிந்தேன். பிறகு அதையே எடுத்துச் சுருட்டி வைத்தேன். முதல் உப்பு வார இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பலராமனிடம் ஓடினேன். அந்தத் துணி அதோடு சரி என்றார். மறுநாள் காலையில் காலருக்கு என்று வைத்திருந்த அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். எல்லாம் என் தலையெழுத்து என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

முதல் கடையில் கத்தரிப்பூ என்று எடுத்துப் போட்டது நீலத்தில் சேர்ந்தது. இரண்டாவது கடையில் சிவப்பு தூக்கலாக இருந்தது. மூன்றாவது கடையில் நிறம் ஏறத்தாழ சரி, துணி டெரிகாட்டன். அது உப்பளத்து வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். நாலாவது கடையில் வெளிச்சம் போதவில்லை என்று துணியைத் தெருவுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன், கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். ஐந்தாவது கடையில் ஒரு தடித்த மனிதர். பொறுமையாகப் பத்துப் பதினைந்து பீஸ் எடுத்துப் போட்டார். இது இல்லை, இதுவும் இல்லை, இன்னும் ஒரு சாயல் வெளிறினது என்று நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க போட்டுக்கினு போறதுக்குங்க சட்டை? கல்யாணமா?"

"உப்பளத்துக்கு."

"உப்பளத்துக்கா? அதுக்கா இவ்ளோ பாக்குறீங்க? அங்க யாருங்க பாக்கப் போறாங்க?"

"போடுறவ பாப்பாய்யா!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த மனிதர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பீஸை இறக்கிப் போட்டார். என் துண்டை அதன் மேல் வைத்தேன். எது துண்டு எது துணி என்று தெரியவில்லை.

திரும்பும்போது பெரிய முதலியார்சாவடியில் பஸ் படுத்துவிட்டது. டிரைவரைத் திட்டினேன், ரோட்டைத் திட்டினேன், சவரியம்மாளையும் விடவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்து, வெயிலில் துணியை நாலு தடவை பார்த்தேன். சும்மாதான், நிறம் சரியா என்று.

சவரியம்மாளுக்கு ஆள் விட்டேன். வந்தாள். கயிறு செய்த வேலையைச் சொன்னேன். மன்னிப்பு என்றெல்லாம் எனக்கு வராது. "தப்பு உன் மேல இல்ல, என் மேல" என்று மெஷினைப் பார்த்துச் சொன்னேன். அவள் சிரித்துக்கூடக் காட்டவில்லை. "நான் தப்பா இருக்க முடியாதேன்னு நானும் யோசிச்சேன்" என்றாள். லட்சுமி டேப்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். தலையில் எங்கள் வீட்டுக் காய்கறிக் கூடையை வைத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அளவு எடுத்தாள். இந்த முறை சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். இரண்டே நாளில் தைத்துக் கொடுத்தேன்.

முதல் உப்பு வாருகிற அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துப் பக்கம் போனேன். ஒரு வேலையாகப் போனேன் என்று சொல்லலாம்தான். ஒரு வேலையும் இல்லை. வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவில் முப்பது பேர் கூடையோடு நடக்கிறார்கள், எல்லார் மேலும் காக்கியும் அழுக்கு வெள்ளையுமாக ஆண்பிள்ளைச் சட்டைகள். அவளை ரோட்டிலிருந்தே அடையாளம் தெரிந்தது. கையை நன்றாகத் தூக்கிக் கூடையைப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று வரப்பில் நடந்து போய் உப்பு அம்பாரத்தில் கொட்டினாள். அக்குள் பிடிக்கவில்லை. முழங்கைக்கு நாலு விரல் கீழே கை நின்றது. பத்து மணி வாக்கில் கூடையை இறக்கிவிட்டு, கடல் காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்றாள். இடது கையால் மூடியைத் திறந்து, ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள். மென்று முடித்த பிறகு இன்னொன்று. சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன், பொய் சொல்வானேன்.

என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள். போனேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"பாக்கெட்டு அரை இன்ச்சு மேல ஏறிடுச்சு அண்ணா" என்றாள்.

கடலில் போய் விழலாமா என்று இருந்தது. அவள் கொஞ்சம் கடலையும் வெல்லமும் எடுத்து என் கையில் வைத்தாள். பீச்சாங்கையால்தான். வாங்கித் தின்றேன். தின்னும்போது என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதுகு, வெங்கடாசலம் ஐயாவோட அறுபதாம் கல்யாணச் சட்டைத் துணிதானே? கை ரெண்டும் சிவப்பிரகாசம் வாத்தியாருது. முன்பக்கம் எங்க அண்ணன் மாதா கோயில் திருவிழாவுக்குத் தைச்ச சட்டைத் துணி. எனக்கு நல்லாத் தெரியும், அதை அப்புறம் நான்தானே மூணு வருசம் போட்டேன்." வாயில் இருந்த கடலை அங்கேயே நின்றுவிட்டது. "நீங்களும் என்னைப் போலத்தான் இருந்திருக்கீங்க. உங்களுக்கு என்னா கலரு அண்ணா பிடிக்கும்?"

வாயைத் திறந்தேன். எந்தக் கலரும் வரவில்லை. ஊரில் எவனுக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். வேலை கெடுகிறது, போய்க் கூடையைத் தூக்கு என்று அவளைத் திட்டிவிட்டு சைக்கிளில் ஏறினேன். நேராகப் பலராமன் கடைக்குப் போய், எனக்கு ஒரு சட்டைத் துணி கொடு என்றேன். என்ன கலர் என்றார். ஏதாவது கொடுய்யா என்றேன். அவர் எடுத்துப் போட்டார். பார்த்தேன். இது நன்றாக இருக்கிறதா, எனக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் சும்மா நின்றேன். பிறகு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது எழுபத்தொன்பது நடக்கிறது. சவரியம்மாள் இரண்டு சட்டைக்கு வந்துவிட்டாள், இரண்டாவது பாக்கெட் அரை இன்ச் கீழே. அன்னமேரி பச்சையில் ஒன்று தைத்துக்கொண்டாள். பொன்னி கட்டம் போட்ட துணியோடு வந்து, அவள் பங்குக்கு என் உயிரை எடுத்தாள். சவரியம்மாள் மட்டும் எதிரில் பார்க்கும்போதெல்லாம், "முடிவு பண்ணிட்டீங்களா அண்ணா?" என்பாள். வேலையைப் பாரும்மா என்பேன்.

போன வாரம் எதற்கோ துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். லட்சுமி டேப்பை எடுத்து வந்து என் பின்னால் நின்றாள்.

"கைய தூக்குங்க."

"எதுக்குடி?"

"உங்களை இதுவரைக்கும் யாரும் அளந்ததில்லையே."

"கலரே இன்னும் முடிவாகல, அளவு எதுக்கு?"

"அளவாவது தெரியட்டும்."

வேலை நேரத்தில் இது என்ன கூத்து என்று கத்தினேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.